நாற்காலி இல்லாத ஆயர்

டீச்சர் பதில்கள்

சென்ற இதழில் கத்தோலிக்கப் பேராயர் (ஆர்ச்பிஷப்) ஸ்டீபன் நாயுடுவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கேப்டவுனுக்குப் பேராயராவதற்கு முன்பு அவர் அங்கேயே துணை ஆயராக, அதாவது பேராயருக்குக் கைகொடுக்கும் உதவி பிஷப்பாக, இருந்தார் என்று. அந்த ஒரு வரி போதும் போலிருக்கிறது! பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது, ஊறுகாய் ஏன் பூஞ்சை பிடிக்கிறது என்று வழக்கமாக வரும் கேள்விகளை ஓரம் தள்ளிவிட்டு, இந்த முறை கடிதங்கள் அத்தனையும் ஆயர்களைப் பற்றியே வந்திருக்கின்றன. எழுதியவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர் அல்லர் என்பதில் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. ஊறுகாய்க்காரர் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

என் பேத்திக்கு உறுதிபூசுதல் கொடுக்கப் பேராயர் வருவார் என்று காத்திருந்தோம். வந்தவர் துணை ஆயர். "பாதி ஆயர்தானே வந்திருக்கிறார்" என்று என் நாத்தனார் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். பேத்திக்குக் கிடைத்தது குறைவா, டீச்சர்?
— வாசகி, ரைலண்ட்ஸ், கேப்டவுன்

பாதி ஆயர் என்று ஒருவர் திருச்சபையில் கிடையாது அம்மா. இதை நாத்தனாரிடம் நீங்கள் சொன்னால் சண்டை வரும். இந்தப் பக்கத்தை மேசைமேல் விரித்துவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

பள்ளிக்கூடத்துத் துணைத் தலைமையாசிரியரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் இப்படி நினைக்கிறார்கள். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. ஒருவரை ஆயராகத் திருநிலைப்படுத்த, முறைப்படி, குறைந்தது மூன்று ஆயர்கள் கூடி அவர் தலைமேல் கைவைத்துச் செபிக்க வேண்டும். துணை ஆயருக்கும் அதே கைகள், அதே செபம், அதே எண்ணெய்தான். பிற்பாடு அவரே பேராயரானாலும் இன்னொரு முறை திருநிலைப்படுத்த மாட்டார்கள். மிச்சம் வைத்துக் கொடுத்திருந்தால்தானே மறுபடி கொடுப்பதற்கு? உலக ஆயர்கள் எல்லாரும் கூடும் பொதுச்சங்கம் நடந்தால் துணை ஆயருக்கும் அங்கே வாக்கு உண்டு. உறுதிபூசுதலில் உங்கள் பேத்தியின் நெற்றியில் பூசிய கிறிஸ்மா என்ற புனித எண்ணெயில் ஒரு சொட்டும் குறைவில்லை.

அவரிடம் இல்லாதது ஒன்றுதான்: நாற்காலி. பேராலயத்தில் பலிபீடத்துக்கு அருகே ஆயருக்கென்று போட்டிருக்கும் இருக்கை மறைமாவட்டத்தின், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதியின், தலைவருக்கு உரியது. துணை ஆயர் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவார். கையில் பிடிக்கும் செங்கோல்கூட அந்த மண்ணின் ஆயருடைய இசைவோடு பிடிப்பது. திருப்பலியில் ஆயருடைய பெயரைச் சொல்லிச் செபிக்கும் இடத்தில் துணை ஆயரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எங்கள் பங்கில் பல ஆண்டுகள் உறுதிபூசுதல் வகுப்பு எடுத்தவள் நான். விழா நாளன்று ஒரு துணை ஆயர் தாமே காரை ஓட்டிக்கொண்டு வந்து, கோயில் பின்வாசலில் நிறுத்தி, டிக்கியிலிருந்து ஒரு நீளமான பெட்டியை எடுத்தார். உள்ளே செங்கோல் மூன்று துண்டாகக் கிடந்தது. ஒன்றோடொன்று திருகிப் பொருத்த வேண்டும். கடலோர ஊர், உப்புக்காற்று; நடுத்துண்டின் மரை இறுகிக்கொண்டு திரும்பவே மறுத்தது. பீடப்பையன்கள் இரண்டு பேர் முனைக்கொருவராகப் பிடித்து முறுக்கினார்கள். பாடகர் குழு வருகைப்பாடலைத் தொடங்கிவிட்டது. நான் ஓடிப்போய்ச் சமையற்கூடத்திலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து மரையில் தடவிக்கொடுத்தேன். "கிறிஸ்மாவுக்கு முன்னால் இதற்கும் ஒரு பூசுதலா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே அவர் பவனியில் போய்ச் சேர்ந்துகொண்டார். அன்று பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். சீட்டைப் பார்க்கவில்லை, வாசலில் நின்றபோதே கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். பாதி ஆயர் செய்கிற வேலையா அது?

துணை ஆயருக்கு ஏதோ ஆப்பிரிக்கப் பாலைவன ஊரின் பட்டம் கொடுக்கிறார்களாமே? அந்த ஊரில் ஆளே இல்லையாமே? இது என்ன வேடிக்கை?
— வாசகர், இசிப்பிங்கோ

வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் காரணம் உண்டு. ஆயர் என்றால் அவருக்கென்று ஒரு திருச்சபை இருந்தாக வேண்டும் என்பது பழைய மரபு. உயிரோடிருக்கும் மறைமாவட்டம் வேறொருவர் கையில் இருப்பதால், துணை ஆயருக்கு அழிந்துபோன ஒன்றின் பெயரைச் சூட்டுகிறார்கள். ரோமப் பேரரசின் காலத்தில் வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியா, அல்ஜீரியா பக்கம், சிறு சிறு ஊர்களுக்கெல்லாம் ஆயர்கள் இருந்தார்கள். அந்த ஊர்கள் மண்ணோடு போயின. பெயர்கள் ரோமாபுரி ஏட்டில் தங்கிவிட்டன. நூற்றுக்கணக்கில் இருப்பதால் பஞ்சமில்லை.

இந்தப் பட்டம் துணை ஆயர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் டெனிஸ் ஹர்லி 1947-ல் ஆயரானபோது அவருக்கும் இப்படி ஒரு பழைய ஊரின் பட்டம்தான். டர்பன் இருக்கும் நேட்டால் மாநிலம் அப்போது முழு மறைமாவட்டமாக அமைக்கப்படவில்லை. 1951-ல்தான் டர்பன் உயர்மறைமாவட்டமானது, அவரும் டர்பன் பேராயரானார். பிரான்சில் இன்னொரு கதை. எவ்ரூ ஆயர் ழாக் கையோ ரோமாபுரிக்குப் பிடிக்காத கருத்துகளைப் பேசிக்கொண்டே இருந்தார். 1995-ல் எவ்ரூவை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, அல்ஜீரியாவில் எப்போதோ அழிந்த பார்த்தேனியாவைக் கொடுத்தார்கள். தண்டனைக்காக அனுப்பிய அந்த மணற்காட்டையே அவர் உலகப் புகழ்பெற வைத்தார் என்பது வேறு விஷயம்.

இணை ஆயர், துணை ஆயர்: இரண்டும் ஒன்றா?
— வாசகர், மெரிபேங்க்

இல்லை. இணை ஆயருக்கு வாரிசுரிமை உண்டு. மூத்தவர் விலகியதும் அவர் தாமாகவே ஆயராகிவிடுவார். மொரீசியசில் மோரிஸ் பியா 1991-ல் இணை ஆயரானார், 1993-ல் கர்தினால் மார்ஷோ ஓய்வுபெற்றதும் போர்ட் லூயி அவர் கைக்கு வந்தது. துணை ஆயருக்கு அந்த உரிமை கிடையாது. இருபது வருடம் உழைத்திருந்தாலும் வேறொரு ஊர்க்காரர் வந்து நாற்காலியில் உட்காரலாம்.

ஹிப்போ நகரத்துப் புனித அகுஸ்தினார்கூட முதலில் வயதான ஆயர் வலேரியுசுக்கு இணையாகத்தான் ஆயரானார், 395-ஐ ஒட்டி. ஒரே நகரத்தில் இரண்டு ஆயர்கள் இருக்கக்கூடாது என்று நீசேயா சங்கம் சொல்லியிருந்தது பிறகுதான் அவருக்குத் தெரியவந்ததாம். தமக்கு அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தபோது, தாம் இருக்கும்வரை அவர் குருவாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சட்டம் படிக்கிறவர்களுக்கு இது பிடிக்கும் என்பதால் சொல்லிவைத்தேன்.

எனக்கு வயது 19. குருமடத்தில் சேர நினைக்கிறேன். பிற்காலத்தில் துணை ஆயராக என்ன செய்ய வேண்டும்? எங்கே விண்ணப்பிப்பது?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, குருமடத்துக்கு விண்ணப்பம் உண்டு. இதற்குக் கிடையாது. இதே கேள்வியை அங்கே நேர்முகத் தேர்விலும் கேட்டுவைக்காதீர்கள்.

நடப்பது இதுதான். வேலை தாங்கவில்லை, ஓர் உதவி ஆயர் வேண்டும் என்று மறைமாவட்ட ஆயர் நினைத்தால், தகுதியான மூன்று குருக்களின் பெயரையாவது எழுதி ரோமாபுரிக்கு அனுப்ப வேண்டும். திருத்தந்தையின் தூதர் இரகசியமாக விசாரிப்பார். விசாரணைக் கடிதம் வந்தவர் அதைப் பற்றி வெளியே மூச்சுவிடக்கூடாது. பெயர் இருப்பவருக்கே பல நேரங்களில் தெரியாது. முப்பத்தைந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். குருவாகி ஐந்து ஆண்டுகளாவது கடந்திருக்க வேண்டும். விவிலியம், இறையியல், திருச்சபைச் சட்டம் இவற்றில் ஒன்றில் உயர்படிப்போ ஆழ்ந்த தேர்ச்சியோ வேண்டும். நியமனக் கடிதம் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் திருநிலைப்பாடு நடக்க வேண்டும்.

டெனிஸ் ஹர்லி ஆயரானபோது வயது 31. அப்போது உலகத்திலேயே இளைய ஆயர் அவர்தான். பழைய சட்டம் முப்பது போதும் என்றது. இன்றைய சட்டமாக இருந்தால் டர்பன் இன்னும் நான்கு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும். நீங்கள் அவசரப்பட வேண்டாம். முதலில் லத்தீன் படியுங்கள், கார் ஓட்டவும் பழகிக்கொள்ளுங்கள். துணை ஆயருக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும்.

ஸ்டீபன் நாயுடு பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்களே, டீச்சர். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. விரிவாகச் சொல்ல முடியுமா?
— வாசகி, சாட்ஸ்வர்த்

முடியும். சொல்லத்தானே காத்திருந்தேன்.

1937-ல் டர்பனில் பிறந்தவர். ரெடம்ப்டரிஸ்ட் சபைத் துறவி. 1974-ல் கேப்டவுனுக்குத் துணை ஆயராக நியமிக்கப்பட்டார். அங்கே பேராயராக இருந்தவர் கர்தினால் ஓவன் மெக்கான், தென்னாப்பிரிக்காவின் முதல் கர்தினால்.

1974 என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்கள். நேட்டாலில் இருக்கும் இந்தியர் கேப் மாநிலத்துக்குப் போக அரசாங்கத்திடம் பெர்மிட் வாங்க வேண்டிய காலம் அது; அந்தக் கட்டுப்பாடு 1975-ல்தான் தளர்ந்தது. நடுவில் இருக்கும் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தில் இந்தியர் குடியிருக்கவே கூடாது. கேப்டவுனுக்குக் காரில் போகிற நம் குடும்பங்கள் இட்லிப் பொட்டலமும் தெர்மாஸ் பிளாஸ்கும் கட்டிக்கொண்டு, அந்த மாநிலத்தில் இரவு தங்காமல் கடந்துவிடப் பார்ப்பார்கள். டர்பன் மேகசின் பேரக்சில் பிறந்து, இனத்துக்கொரு குடியிருப்பு என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் சாட்ஸ்வர்த்துக்குத் தூக்கி எறியப்பட்ட குடும்பம் எங்களுடையது. அப்படியொரு நாட்டில், நாயுடு என்று பெயருள்ள ஒருவர் கேப்டவுனுக்கு ஆயராகப் போகிறார் என்று செய்தி வந்தது. என் அப்பா பேப்பரில் வந்த படத்தை வெட்டி மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். பக்கத்துவீட்டு முருக பக்தர் ஒரு தட்டு லட்டுடன் வந்தார். "நம்ம ஆள் சாமியாகிவிட்டாராமே" என்றார். அவர் சொன்னதை யாரும் திருத்தவில்லை.

ஆயராக அவர் வாழ்ந்தது 15 ஆண்டுகள். அதில் 10 ஆண்டுகள் துணை ஆயர். நாமோ கடைசி ஐந்தைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். அது நியாயமில்லை என்பது என் கட்சி. கேப்டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966-ல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, வீடுகளை இடித்து, அறுபதாயிரம் பேரை ஊருக்கு வெளியே மணல்வெளிக்குத் துரத்திய வேலை அந்த ஆண்டுகளில் நடந்துகொண்டிருந்தது. பங்கு மக்கள் ஓரிடம், கோயில் ஓரிடம். புது இடத்தில் திருப்பலி வைக்க ஒரு கூரை தேட வேண்டும், பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்க வேண்டும், மனம் உடைந்த குருக்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு மறைமாவட்டத்தில் இவை எல்லாம் நாற்காலியில் இருப்பவரால் மட்டும் ஆகிற காரியமா? துணை ஆயரின் நாட்கள் இப்படித்தான் போகும், அறிக்கையில் ஏறாது. பத்து வருடம் அந்தத் தெருக்களைத் தெரிந்துகொண்டவர்தான் 1984-ல் பேராயரானார். வேற்றூரிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர் அல்லர்.

1984-ஐயும் கவனியுங்கள். இந்தியர்களுக்கென்று தனியாக ஓர் அவை வைத்து அரசாங்கம் புது நாடாளுமன்றம் கட்டியது அதே ஆண்டில்தான். நம்மவர்களில் பெரும்பாலோர் வாக்களிக்கப் போகவில்லை. எண்ணிக்கையில் மிகப் பெரியவர்களான கறுப்பின மக்களுக்கு அதில் இடமே இல்லை. கேப்டவுன் புனித மரியன்னை பேராலயம் அந்த நாடாளுமன்றத்துக்கு எதிரே நிற்கிறது. உள்ளே சிலர் தயவில் கிடைத்த நாற்காலியில் இந்தியர்கள் உட்கார்ந்தார்கள். எதிர்வாசலில் யார் தயவும் இல்லாமல் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

1988 பிப்ரவரியில் அரசாங்கம் நிறவெறியை எதிர்த்த பதினேழு அமைப்புகளின் வாயைக் கட்டியது. 29-ஆம் தேதி, ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, ஆலன் புசாக், ஃப்ராங்க் சிக்கானே ஆகியோரோடு ஸ்டீபன் நாயுடுவும் முன்வரிசையில் கைகோத்து, புனித ஜார்ஜ் பேராலயத்திலிருந்து நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார். பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட சமயப் பணியாளர்கள். போலீஸ் மறித்தது, தெருவிலேயே முழந்தாளிட்டார்கள். தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், மற்றவர்கள்மேல் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். கத்தோலிக்கப் பேராயரையும் ஆங்கிலிக்கன் பேராயரையும் ஒரே நாளில் பிடித்த போலீஸ் எத்தனை நாடுகளில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி அவர் இறந்துபோனார். வயது 51. மண்டேலா சிறைக்கு வெளியே வர அப்போது ஏழு மாதம் சொச்சம் பாக்கி இருந்தது. அவருக்குப் பின் பேராயரான லாரன்ஸ் ஹென்றியும் 1987 முதல் அங்கே துணை ஆயராக இருந்தவர்தான்.

நாயுடு என்றால் தெலுங்கர். தமிழ்ப் பத்திரிகையில் அவருக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?
— வாசகர், டொங்காட்

இந்தக் கடிதம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

1860 நவம்பர் 16-ஆம் தேதி நம் முன்னோரைக் கரும்புக் கொல்லை வேலைக்கு ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தபோது அது சென்னையிலிருந்து வந்தது. அதில் தமிழர் ஒரு பக்கம், தெலுங்கர் ஒரு பக்கம் என்று கயிறு கட்டியா வைத்திருந்தார்கள்? கரும்புக் கொல்லையில் ஒரே வரிசையில் வெட்டினார்கள், ஒரே வரிசையில் அடியும் வாங்கினார்கள். காந்தியின் வலக்கையாக இருந்த தம்பி நாயுடு இந்த நாட்டில் தமிழர் நலச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். சங்கத்துக்காரர்கள் அவரை வெளியே நிற்கவைக்கவில்லை. நீங்கள் மட்டும் ஏன் ஐயா வாசலை அடைக்கிறீர்கள்?

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர் என்று மாலை போட்டால் மட்டும் போதாது. டர்பனில் ஹர்லிக்குத் துணை ஆயராக இருந்த டொமினிக் குமாலோ ஜூலு மண்ணின் பிள்ளை. சாட்ஸ்வர்த் கோயில்களில் நம் பிள்ளைகள் அவர் முன்னாலும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். பின்னாளில் டர்பன் பேராயராக இருந்த கர்தினால் நேப்பியருக்குத் துணை ஆயராக இருந்தவர் பாரி உட். இவர்கள் படத்தையும் யாராவது வெட்டி ஒட்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

பேராயர் மாற்றலாகிப் போனால் துணை ஆயரும் கூடவே மூட்டை கட்ட வேண்டுமா?
— வாசகி, லெனேசியா

வேண்டாம். உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கிறது. 2019-ல் சில்வெஸ்டர் டேவிட் கேப்டவுனுக்குத் துணை ஆயராக நியமிக்கப்பட்டார். இவரும் டர்பன்காரர், அமலமரி தியாகிகள் சபை. டர்பன் உயர்மறைமாவட்டத்தில் முதன்மைக் குருவாக, அதாவது நிர்வாகத்தில் பேராயருக்கு அடுத்தவராக, இருந்தவர். ஸ்டீபன் நாயுடுவுக்கு 45 ஆண்டுகள் கழித்து அதே ஊருக்கு அதே பொறுப்புக்கு இன்னொரு டர்பன் இந்தியர்! 2024-ல் கேப்டவுன் பேராயர் கர்தினால் ஸ்டீபன் பிரிஸ்லின் உங்கள் ஜோகன்னஸ்பர்க்குக்கு மாற்றப்பட்டார். டேவிட் கேப்டவுனிலேயே இருந்தார். காலியான உயர்மறைமாவட்டத்தைத் திருத்தூதரக நிர்வாகியாகக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு வந்தது.

சட்டமும் அப்படித்தான் வழிவகுத்திருக்கிறது. துணை ஆயரை முதன்மைக் குருவாகவோ, குறைந்தபட்சம் ஒரு பகுதிப் பொறுப்பை ஆயர் சார்பில் பார்க்கும் பதில்குருவாகவோ நியமிக்க வேண்டும். ஆயர் போய்விட்டால், மற்ற முதன்மைக் குருக்களின் அதிகாரம் அன்றோடு தீர்ந்துவிடும். துணை ஆயருக்கோ புதியவர் பொறுப்பேற்கும்வரை தொடரும். நிர்வாகி ஒருவர் நியமிக்கப்படாத இடைவெளியில் மறைமாவட்டமே அவர் கையில்தான். புதியவர் வந்த மறுநாள் பழையபடி பக்கத்து இருக்கை. இதற்கு எப்படிப்பட்ட மனது வேண்டும் என்று அலுவலகத்தில் பொறுப்பு மேலாளராக இருந்து இறங்கியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

75 வயது நிறைந்ததும் மற்ற ஆயர்களைப் போலவே துணை ஆயரும் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். திருத்தந்தை ஏற்றுக்கொண்டால் ஓய்வு.

துணை ஆயர் எங்கள் பங்குக்கு வருகிறார். மாலை போடலாமா, பொன்னாடை போர்த்தலாமா?
— வாசகர், பீனிக்ஸ்

இரண்டும் போடலாம். பவனி தொடங்குவதற்கு முன்பு வாசலில் வைத்தே போட்டுவிடுங்கள், திருப்பலி நடுவே வேண்டாம். வரவேற்புரை மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. அவருக்கு அன்று மாலை இன்னொரு பங்கு இருக்கும். மதியச் சாப்பாட்டில் காரத்தைக் குறைக்கிறேன் என்று கறியைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஊறுகாய்க்காரருக்கு அடுத்த இதழில் முதல் இடம்.